புதுப்பிப்பு: கழன்று விழுந்த கியர் கேபிள் சரியாகிவிட்டது

என் மனுவல் காரில் கியர் தடியைக் கியர்பொக்ஸுடன் இணைக்கும் கியர் கேபிள் அடிக்கடி கழன்று விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கேபிளை மாற்ற முதல் அதன் நுனியிலுள்ள பிளாஸ்டிக் புஷ்ஷை (நுனியை லீவரில் பிடித்துவைக்கும் சிறு வளையம்) பார்க்கச் சொன்ன அண்ணையின் யோசனைதான் பலித்தது.

பற்றரியைக் கழற்றிப் பார்த்தால், கியர்பொக்ஸ் லீவரில் மாட்டும் இடத்தில் புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் புதிது வாங்கி, கிறீஸ் பூசி அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. ஆனாலும் ரிவேர்ஸ் முரண்டு பிடித்தது. எதிர்பாராத விஷயம் இதுதான்: கேபிளின் வெளியுறையைப் பிராக்கெட்டில் பிடித்துவைக்கும் இரும்புக் கிளிப்பே அங்கு இல்லை! அதையும் போட்ட பிறகு எல்லாக் கியரும் சுகமாக விழுகிறது.

புஷ்ஷுக்குப் பதிலாகக் கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டி) கட்டலாம் என்றவர்களுக்கு: வீடு வந்து சேர அது போதும். கியர் மாற்றும்போது நுனி லீவரில் சுழலவேண்டும், அதனால் டை நெடுநாள் தாங்காது.