முதல் தடவை சொந்தப் படத்தோட ஃபெஸ்டிவல் போறேன், தனியா. யார்கிட்ட எப்படிப் பேச ஆரம்பிக்கிறது?

ஓரசீட்டு:
என்னோட 14 நிமிஷ ஷார்ட் ஃபிலிம் ஒரு இண்டிபென்டென்ட் ஃபெஸ்டிவல்ல செலக்ட் ஆயிருக்கு, சந்தோஷம்தான், ஆனா கூட வர யாருமில்ல. முன்னாடி ஃப்ரெண்டு படத்துக்கு எடிட்டரா ஒரு ஃபெஸ்டிவல் போனப்போ எல்லாரும் வட்டம் வட்டமா நின்னு பேசிட்டிருந்தாங்க, நான் கேட்லாக்கையே மூணு தடவை படிச்சிட்டு ரூமுக்கு வந்துட்டேன். பேச வந்த ஒரே ஆளும் "நீங்க இதுல நடிச்சிருக்கீங்களா?"ன்னுதான் கேட்டாரு. அடுத்த படத்துக்கு கேமராவுமன், ப்ரொட்யூசர் ரெண்டும் தேடறேன். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கட்பேஸ்ட்அக்கா:
ப்ரொட்யூசர் பின்னாடி ஓடறத முதல்ல விடும்மா, அவங்களச் சுத்தி ஏற்கனவே இருபது பேர் நிப்பாங்க. உன் படத்தோட சேர்த்து அதே ஷோல ஓடற மத்த ஷார்ட்ஸ் எடுத்தவங்கதான் உன் ஆளுங்க. அவங்க படத்த உக்காந்து பாரு, ஒரு ஷாட்டையாவது ஞாபகம் வச்சுக்கோ, வெளிய வந்ததும் அதப் பத்திக் கேளு. "படம் சூப்பர்"னு சொன்னா தேங்க்ஸோட முடிஞ்சிடும், "அந்தக் கதவ ஏன் கடைசி வரைக்கும் திறக்கல"ன்னு கேட்டா அரை மணி நேரம் பேசுவாங்க.

அப்புறம் டெக் செக் (ஷோவுக்கு முன்னாடி படம், சவுண்ட், சப்டைட்டில் எல்லாம் சரியா ஓடுதான்னு தியேட்டர்ல ஓட்டிப் பாக்கறது) இருந்தா கண்டிப்பா போ. என் இப்போதைய கேமராவுமன் அங்க கிடைச்சவதான். அவ படத்துல சப்டைட்டில் வசனத்துக்கு முன்னாடி முன்னாடி ஓடுது, பாவம் அழற நிலைமைல நிக்கிறா. செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுத்தத 24க்கு மாத்தி டிசிபி (தியேட்டர்ல ஓட்டற டிஜிட்டல் காப்பி) போட்டிருக்காங்க, அதுல படம் கொஞ்சம் மெதுவாயிடும், சப்டைட்டில் ஃபைல மட்டும் மாத்தல. ரெண்டு பேரும் தரைல உக்காந்து லேப்டாப்புல சரி பண்ணோம். அதுக்கு மேல என்ன அறிமுகம் வேணும்?

லாக்லைன்லலிதா:
அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. ஸ்க்ரீனர் லிங்க் (உங்க படத்த ஆன்லைன்ல பாக்கற பிரைவேட் லிங்க்), பாஸ்வேர்ட் ரெண்டும் ஃபோன்ல ரெடியா இருக்கட்டும், லிங்க் எக்ஸ்பயர் ஆகாம பாத்துக்கோங்க (நான் அனுபவிச்சேன்). பேசினவங்களுக்கு ரெண்டு மூணு நாளுக்குள்ள ஒரு சின்ன மெயில், எங்க என்ன பேசினோம்னு ஒரு வரி. ப்ரோகிராமர்ஸ மறந்துடாதீங்க, ஃபெஸ்டிவலுக்கு உங்க படத்த செலக்ட் பண்ணதே அவங்கதான், நிறைய பேர் வேற ஃபெஸ்டிவல்களுக்கும் படம் பாக்கறவங்க.

பின்வரிசை:
எனக்கு ஃபெஸ்டிவல்ல பெண்கள் சந்திச்சுப் பேசறதுக்குன்னு வைக்கிற விமன் மிக்ஸர் மேல பெரிய நம்பிக்கை இல்ல, பல இடத்துல குரூப் ஃபோட்டோவோட சரி. ஆனா நெட்வொர்க்கிங்னு சொல்லவே கூச்சப்படாதீங்க, ஆம்பளைங்க காலங்காலமா பண்றதுதான், அவங்க அதுக்கு நட்புன்னு பேர் வச்சிருக்காங்க. 2018 கான்ஸ் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல 82 பெண்கள் படிக்கட்டுல வந்து நின்னாங்களே, 1946லேர்ந்து அதுவரைக்கும் அங்க போட்டிப் பிரிவுக்குள்ள வந்த பெண் இயக்குநர்கள் கணக்கு அது. 82தான்!

ஒண்ணு மட்டும், ஸ்க்ரிப்ட் பேசலாம் ராத்திரி ரூமுக்கு வாங்கன்னு யாராவது கூப்பிட்டா காலைல லாபில பாக்கலாம்னு சொல்லிடுங்க. நிஜமா படம் பண்றவன் லாபிக்கு வருவான்.

ஓரசீட்டு:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, டெக் செக் கேட்டு மெயில் போட்டேன், காலை 9 மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. என் படமும் 25 ஃப்ரேம்தான், இப்பவே சப்டைட்டில திறந்து பாத்துட்டிருக்கேன் 😬