வாக்குத்தத்த தேசம் எண்டா எங்களுக்கு என்ன?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில எங்கட ஜெபக்கூட்டத்தில ஆதியாகமம் 17:8 வாசிச்சம், ஆபிரகாமுக்கு கானான் தேசத்தை நித்திய சுதந்தரமா குடுக்கிறது. 1983 இனக்கலவரத்தில வீடு இழந்த ஒரு அன்ரி, அப்ப எங்கட காணியும் திரும்பக் கிடைக்குமோ எண்டு கேட்டா, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. என்ன சொல்லலாம்?

பதில் 1: எபிரெயர் 11 பாருங்கோ, ஆபிரகாமே கூடாரத்தில இருந்துகொண்டு பரமதேசத்தை, அதாவது பரலோகத்தைத்தான் விரும்பினார். கானானை அப்பிடியே எங்கட காணிக்குப் போடேலாது.

பதில் 2: அது சரி அண்ணா, ஆனா பரலோகத்தைக் காட்டி அன்ரிட வாயை மூடக்கூடாது. லேவியராகமம் 25ல 50ஆம் வருஷம் யூபிலி, வித்துப்போன காணி அவரவர் குடும்பத்துக்குத் திரும்பும், ஏனெண்டா தேசம் கர்த்தருடையது. காணி உறுதிப் பத்திரத்தைக் கையில வச்சுக்கொண்டு அலையிற சனத்துக்காக நியாயம் கேக்கிறது சபையிட வேலைதான்.

பதில் 3: எரேமியா 29:7ஐயும் சேருங்கோ. பாபிலோனுக்குச் சிறையாப் போன சனத்தைக் கர்த்தர் அந்தப் பட்டணத்திட சமாதானத்துக்கு ஜெபிக்கச் சொன்னவர், வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கிற எங்களுக்கும் அது பொருந்தும்.