டோரித் தீவில் ஒரு பகல்: "என்கிட்ட கார் இருக்கு"

அயர்லாந்துக்கு வந்து ஏழு வருடமாகிறது. டப்ளினில் ஐரிஷ் மொழியைத் தெருப் பலகையில் பார்ப்பேன், ரயில் அறிவிப்பில் கேட்பேன். ஆனால் இரண்டு பேர் அந்த மொழியில் சண்டை போட்டுக் கேட்டதே இல்லை. ஒரு மொழி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அதில் யாராவது சண்டை போடுகிறார்களா என்று பார்த்தால் போதும் என்பது என் கணக்கு. அதற்காகவே போன வருடம் ஜூனில், ஐரிஷ் பேசுகிற டோரித் தீவுக்குப் போய்விட்டு வந்தோம்.

டோனகல் மாவட்டத்தின் வடக்குக் கடலில், கரையிலிருந்து 14 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிறது தீவு. நீளம் நாலைந்து கிலோமீட்டர், அகலம் ஏறக்குறைய ஒன்று. குடியிருப்பவர்கள் நூற்றைம்பதுக்கும் கீழே. படகு மாகெரோர்ட்டி துறையிலிருந்து கிளம்பும். ஐரிஷ் பேசும் பகுதிகளில் 2005 முதல் ஊர்ப்பலகைகளில் ஆங்கிலப் பெயர் கிடையாது. எனக்கு அது தெரியும், வண்டி ஓட்டிய வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒரே சொல்லில் ஊரைத் தேடிக்கொண்டிருந்தவர், மூன்று சொல்லில் பெயர் எழுதியிருந்த பலகையைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வந்து சேர்ந்தபோது படகில் கயிறு அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

சண்டை அங்கேயே கிடைத்தது! மேல்தளத்தில் அட்டைப் பெட்டியோடு ஒரு வாஷிங் மெஷின். அதை எந்தப் பக்கம் கட்டுவது என்று இரண்டு பேர் ஐரிஷில் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் கட்டுவார், இன்னொருவர் அவிழ்ப்பார். கடைசியில் சுவர் ஓரமாக நிறுத்தி, அதன் மேலேயே ஒருவர் உட்கார்ந்துகொண்டார். எங்களைப் பார்த்ததும் அதே வாய் நல்ல ஆங்கிலத்தில் "உள்ளே போய் உட்காருங்கள், அலை இருக்கிறது" என்றது. அலை இருந்தது. முக்கால் மணி நேரத்தில் காலைச் சாப்பாடு மொத்தமும் போச்சு. அதை விவரிக்க வேண்டாம்.

இறங்கியதும் துறைக்குப் பக்கத்திலேயே ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு கல் சிலுவை, அப்புறம் பாதி இடிந்த வட்டக் கோபுரம். முன்பெல்லாம் படகு வந்தால் 'டோரியின் அரசர்' துறைக்கே வந்து ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி வரவேற்பாராம். பாட்சி டான் ராஜர்ஸ் என்ற ஓவியர், அக்கார்டியனும் வாசிப்பார். வரி வாங்குகிற அரசர் இல்லை. ஊர் கூடிக் கொடுத்த பட்டம். 2018-இல் காலமானார். எங்களை வரவேற்றது ஒரு நாய்தான்.

ஓவியம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1950-களில் டெரிக் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் இங்கே வந்து வரைந்துகொண்டிருந்தார். அதை வேடிக்கை பார்த்த ஜேம்ஸ் டிக்சன் என்ற மீனவர், "இதைவிட நன்றாக நான் வரைவேன்" என்றாராம். வண்ணம் மட்டும் வாங்கிக்கொண்டு, கழுதை வால் முடியில் தானே தூரிகை கட்டி வரைந்தார். இன்று அவர் படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இந்தத் தீவில் எலி கிடையாது என்பதும், இந்த மண்ணைக் கொண்டுபோய்ப் போட்டால் எந்த வீட்டிலும் எலி அண்டாது என்பதும் இவர்கள் நம்பிக்கை. எங்கள் டப்ளின் வீட்டுக்கு ஒரு பிடி கேட்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அதைக் கொடுக்கும் உரிமை ஒரே ஒரு குடும்பத்துக்குத்தானாம்.

கிழக்குக் கோடியில் ஒற்றைக் கண் அரக்கன் பாலரின் கோட்டை இருந்ததாகச் சொல்லும் பாறைகளைப் பார்க்கத்தான் கிளம்பினோம். பாதி வழியில் நின்றுவிட்டேன். வேலியை ஒட்டி ஒரு பெரியவர், நீல நைலான் கயிற்றால் சிங்கி இறால் பிடிக்கும் கூட்டைப் பின்னிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் கார்க் ஊர்க்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: "கொனஸ் அத்தா தூ?" எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெரியவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "அது தெற்கே பேசுவது. இங்கே 'கஜே மர் அத்தா தூ' என்போம்" என்றார். நான் அதைச் சொன்னேன். அவர் திருத்தினார். மறுபடி சொன்னேன், மறுபடி திருத்தினார். நாலாவது முறை சரி என்று தலையாட்டிவிட்டு, தன் வீட்டு முன்னால் நம்பர் பிளேட் இல்லாமல் துருப்பிடித்து நின்ற வண்டியைக் காட்டினார். "தா கார் அகம்."

அகம் என்றதும் காது நிமிர்ந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டேன். 'என்னிடம்' என்றார். ஐரிஷில் ஒரு பொருளை 'வைத்திருக்கிறேன்' என்று சொல்ல வினைச்சொல்லே கிடையாது, அது என்னிடம் 'இருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும்; ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது என்று சலித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மொழியிலும் அப்படித்தான் என்று "என்கிட்ட கார் இருக்கு" என்று சொல்லிக் காட்டினேன். விரலை விட்டு எண்ணினார். தா என்றால் இருக்கு. கார் என்றால் கார். அகம் என்றால் என்கிட்ட. அவர்கள் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்தால் நம் வாக்கியம், சொல்லுக்குச் சொல் அப்படியே! அவர்களுக்கு வினைச்சொல் முதலில் வரும், நமக்குக் கடைசியில் வரும், அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை அவர். 'ஆமாம்', 'இல்லை' என்று தனிச் சொல்லே தங்களிடம் கிடையாது என்றார். "நேற்று வந்தாயா?" என்றால் "வந்தேன்" என்றோ "வரவில்லை" என்றோ அந்த வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். நமக்கு ஆமாம் உண்டுதான். ஆனாலும் "சாப்பிட்டியா?" என்றால் யார் ஆமாம் என்கிறோம்? "சாப்பிட்டேன்" என்றுதானே வருகிறது. "என்கிட்ட, என்கிட்ட" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவர் கூட்டைப் பின்னப் போய்விட்டார். பாலர் கோட்டையை நாங்கள் பார்க்கவே இல்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

திரும்பி வந்து தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் கதவைத் திறந்து ஐரிஷில் ஏதோ சொன்னார். பாதிப் பேர் எழுந்து கோட்டுகளை மாட்டிக்கொண்டார்கள். எங்களைப் போல வந்தவர்கள் கேக்கைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல், 'பாட்'. படகு. "எழுந்திருங்க" என்றேன். கடல் கொந்தளிக்க ஆரம்பிக்கிறதாம், படகு ஒரு மணி நேரம் முன்னாலேயே புறப்படுகிறதாம். ஆங்கில அறிவிப்பு வருவதற்குள் நாங்கள் துறைக்குப் பாதி தூரம் ஓடியிருந்தோம்.

* * *

அக்கா, நான் போனது மேற்குக் கடலில் அரன் தீவுகளில் நடுவில் இருக்கும் இனிஷ் மான். ரோஸவீல் துறையிலிருந்து படகு. பெரிய தீவுக்குப் போகும் கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே இறங்காது. ஊர் முழுக்கக் கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு சுவர். வெறும் சுண்ணாம்புப் பாறை மேல் மணலும் கடற்பாசியும் சுமந்து கொட்டி, தலைமுறை தலைமுறையாக மண்ணையே செய்திருக்கிறார்கள்.

கோடையில் ஐரிஷ் படிக்க வந்து வீடுகளில் தங்கியிருந்த பிள்ளைகள் கடையில் வரிசையில் நின்றார்கள். ஆங்கிலம் பேசி மாட்டினால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஒரு பையனின் ஐஸ்கிரீம் கீழே விழுந்தது. வாயைத் திறந்தான், மூடினான், சுற்றுமுற்றும் பார்த்தான், அப்புறம் ஐரிஷில் ஏதோ முனகினான். பாவம், திட்டக்கூட மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நீங்கள் சொன்ன இரண்டு 'எப்படி இருக்கிறீர்கள்'-உம் அங்கே செல்லாது. "கே ஹீ வில் தூ" என்றார்கள்.

* * *

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் கொஞ்சம் வேறு. கெர்ரி பக்கம் பெரிய பிளாஸ்கெட் தீவுக்குப் போனோம். படகு கரை வரை வராது. ரப்பர் படகுக்கு மாறி, வழுக்கும் படியில் கால் வைத்து ஏற வேண்டும். மேலே கூரையில்லாத வீடுகள், கீழே வெள்ளை மணலில் கடல்நாய்க் கூட்டம். ஐரிஷ் மட்டுமே பேசிய ஊர் அது. 1947 ஜனவரியில் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலில் இறந்தார். புயலில் மருத்துவர் கடலைத் தாண்ட முடியவில்லை. அந்த வருடமே, சாப்பிட எதுவும் இல்லை என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி போனது. 1953 நவம்பரில் மிச்சமிருந்த 22 பேரையும் அரசு கரைக்குக் கொண்டுவந்தது. அங்கே 'கொனஸ் அத்தா தூ' சொல்ல எனக்கு ஆளில்லை. உங்கள் பெரியவர் நின்று நிதானமாகத் திருத்தியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

* * *

டோரிக்கும் அந்த நிலை வந்திருக்கும், தம்பி. 1974-இல் புயல் எட்டு வாரம் நீடித்துத் தீவே துண்டிக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் எதிர்க்கரைக்குக் குடிபோயின. மற்றவர்கள் நகர மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார்கள்.

தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கு: வாந்தி மாத்திரையைப் படகு ஏறும் முன்பே போட்டுவிடுங்கள், ஏறிய பின் போட்டுப் பயனில்லை. 'பசிக்கிறது' என்பதற்கு "தா ஓக்ரஸ் ஓரம்": இருக்கு, பசி, என் மேல். அன்று வெறும் வயிற்றோடு கரை இறங்கிய எனக்கு முதலில் தேவைப்பட்டது அதுதான். பெரியவரிடம் கேட்காமல் வந்துவிட்டேன், பிறகுதான் தெரிந்துகொண்டேன்.