வேலி, உறுமி மேளம், புகை: கம்பத்தில் பழையவர்களோடு இணங்கி வாழ என்ன வழி?

பாயான் பாரு வாசகி:
வணக்கம். பினாங்குத் தீவில் அடுக்குமாடி வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்த நாங்கள், பெருநிலத்திலுள்ள நிபோங் தெபாலை அடுத்த ஒரு கம்பத்தில் (கிராமத்தில்) நிலத்தோடு கூடிய வீட்டை வாங்கிச் சென்ற ஆண்டு குடிவந்தோம். 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் வழியாகக் கணவர் தீவிலுள்ள வேலைக்குப் போய்வருகிறார். சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள். நாங்கள் வந்த வாரமே வாழைப்பழமும் முருங்கைக்கீரையும் கொடுத்து விசாரித்தார்கள். ஆனால் முனீஸ்வரர் கோயிலுக்கு எங்கள் நிலத்தின் ஓரமாகவே நடந்து போகிறார்கள். திருவிழாவில் நள்ளிரவு கடந்தும் உறுமி மேளமும் ஒலிபெருக்கியும் ஓய்வதில்லை. மாலையில் சருகு எரிக்கும் புகையால் ஆஸ்துமா உள்ள என் மாமியார் மூச்சுவிடத் திணறுகிறார். வேலியடைத்துவிட்டு மாநகர் மன்றத்துக்குப் புகார் எழுதலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நில ஆவணக்காரர்:
வேலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சகோதரி. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, நீண்ட காலம் நடந்துவந்தார்கள் என்பதாலேயே ஒருவர் நிலத்தில் பிறருக்கு வழியுரிமை உண்டாகிவிடாது. ஆகவே பட்டா எல்லைக்குள் வேலியடைக்க உங்களுக்கு உரிமை உண்டு. தேவையென்று கருதினால் நில நிர்வாகி ஒரு வழியை ஏற்படுத்தவும் அதே சட்டம் இடம் தருகிறது என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். வேலியில் கோயில் பக்கமாக ஒரு சிறு கதவு வைத்து, அவ்வழியே நடக்க நீங்கள் அனுமதிப்பதாகக் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால், உங்கள் உரிமையும் நிலைக்கும், அவர்கள் பாதையும் நிலைக்கும்.

தோட்டத்துப் பிள்ளை:
புகார் எழுதும் முன் இதைத் தயவுசெய்து படியுங்கள். கணவர் எழுத நினைப்பது சத்தத்தைப் பற்றி. அது போய் விழுவது கோயில் நிலத்தின் மீது. தோட்டத்துக் கோயில்கள் பலவற்றைத் தொழிலாளர்கள் தங்கள் கைப்பாடுபட்டுக் கட்டினார்கள், ஆனால் நிலம் கம்பெனியின் பெயரிலேயே இருந்தது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் கைமாறியபோது, கோயிலுக்கென்று பட்டா இல்லாமலே பல இடங்களில் வழிபாடு தொடர்ந்தது. சத்தத்தை விசாரிக்க வரும் அதிகாரி, இந்த நிலம் யாருடையது, கட்டடத்துக்கு யார் அனுமதி தந்தார் என்று கேட்டாலே போதும், அந்தப் பெரியவர்களுக்கு உறக்கம் போய்விடும். தீவில் கெளுகோர் பக்கம் இருந்த புவா பாலா கம்பத்துத் தமிழர்கள், தலைமுறைகளாக வாழ்ந்த இடத்துக்காக நீதிமன்றத்தில் போராடித் தோற்று, 2009-இல் தங்கள் வீடுகள் இடிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துக் கோயில் எந்த நிலையில் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

கோயில் தலைவரை நேரில் பாருங்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மாமியாரையும் அழைத்துப் போனால், அவர் உடல்நிலையைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. எதைக் கேட்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. சாமி வந்து ஆடும் நேரத்தில் உறுமியை நிறுத்தச் சொன்னால், வழிபாட்டையே நிறுத்தச் சொன்னதாகிவிடும். ஆனால் பூசை முடிந்த பிறகு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு எதற்கு, அதை அணைத்துவிடலாமே என்று கேட்டால் எந்தத் தலைவரும் கோபப்பட மாட்டார். திருவிழாவுக்கு முந்திய கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணியில் உங்கள் கணவரும் மண்வெட்டி பிடித்தால், இந்தப் பேச்சு இன்னும் எளிதாகும்.

செவிலியர் அக்கா:
மேலே எழுதியவரின் உணர்வை மதிக்கிறேன், ஆனால் புகை விஷயத்தில் பொறுத்துப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்துமா நோயாளிக்குத் தினமும் மாலையில் புகை என்பது ஆபத்து. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் திறந்தவெளியில் எரிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. பழைய வழக்கம் என்பதற்காக ஒருவரின் மூச்சை விலையாகக் கேட்க முடியாது. இருந்தாலும், அவர்கள் ஏன் எரிக்கிறார்கள் என்று கேட்டீர்களா? பல கம்பங்களில் குறுகலான சந்துக்குள் குப்பை லாரி நுழைவதில்லை. எரிப்பதைத் தவிர அங்கே வழியில்லை. உங்கள் சந்தும் அப்படியென்றால், எழுத வேண்டியது புகார் அன்று, முச்சந்தியில் ஒரு பெரிய குப்பைத் தொட்டி வைக்கக் கோரும் விண்ணப்பம். இணையப் படிவம் நிரப்புவது உங்களுக்குக் கைவந்த வேலை. அதை எல்லா வீட்டுக்காகவும் செய்யுங்கள். தொட்டி வரும்வரை, காற்று உங்கள் வீட்டுப் பக்கம் அடிக்கும் நாளில் எரிக்காதீர்கள் என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் நேரிலேயே கேளுங்கள்.

பாயான் பாரு வாசகி:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் சந்துக்குள் லாரி வருவதில்லை என்பது உண்மைதான். கணவர் கதவுக்கு ஒப்புக்கொண்டார், சத்தத்தைப் பற்றி இன்னும் முழுமனதாக இல்லை. விண்ணப்பத்தைக் கிராமத் தலைவர் வழியாகக் கொடுக்க வேண்டுமா, நாங்களே அனுப்பலாமா?

செவிலியர் அக்கா:
நீங்களே அனுப்பலாம். ஆனால் அனுப்பும் முன் தலைவரிடம் காட்டிவிடுங்கள், தொட்டி எந்த முச்சந்தியில் நிற்க வேண்டும் என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். கையொப்பப் பட்டியலில் உங்கள் பெயரை முதலில் போடாதீர்கள்.