டிரெட்மில் பரிசோதனைக்கு முன் வந்த நெஞ்சு இறுக்கத்தைச் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி:
என் அப்பாவுக்கு 61 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லி வந்ததால், மருத்துவர் டிரெட்மில் பரிசோதனைக்கு (நகரும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிப்பது) எழுதிக் கொடுத்துள்ளார். வியாழக்கிழமை செல்ல வேண்டும். நேற்றிரவு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே அதே இறுக்கம் வந்து, பத்து நிமிடத்தில் தணிந்தது. "அதான் பரிசோதனையில் தெரிந்துவிடுமே, இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்?" என்கிறார். இதய நோய் இருக்கலாம் என்று சந்தேகிப்பவரை வேகமாக நடக்கவிடுவதே ஆபத்தில்லையா?

மறுமொழி (மருத்துவர்):
ஐயா, வியாழன்வரை காத்திருக்காதீர்கள். ஓய்வில் வரும் இறுக்கம் மாரடைப்புக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். அது இல்லையென்று உறுதியாகாமல் டிரெட்மில்லில் ஏற்றக் கூடாது. இப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று இ.சி.ஜி.யும் டிரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் புரதம்) இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். வழியிலோ வீட்டிலோ மீண்டும் வலித்தால் 108-ஐ அழையுங்கள்.

மறுமொழி (பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவர்):
மருத்துவர் சொன்னதையே முதலில் செய்யுங்கள். பரிசோதனை பொதுவாகப் பாதுகாப்பானதே: 1971-இல் வெளியான, சுமார் 1,70,000 பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வில்கூட உயிரிழப்பு 10,000-க்கு 1 என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் யாரை ஏற்றுகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும் புரூஸ் முறையில் மணிக்கு 2.7 கி.மீ. வேகத்திலும் 10 விழுக்காடு ஏற்றத்திலும் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டுவோம். உங்கள் அப்பாவின் வயதுக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 135 வரை போவது வழக்கமான இலக்கு. ஆனால் அந்த எண்ணை எட்டியே தீர வேண்டும் என்பதில்லை. வேகம் கூடக் கூட ஏற வேண்டிய இரத்த அழுத்தம் இறங்கினாலோ, இ.சி.ஜி.யில் ஆபத்தான மாற்றம் தெரிந்தாலோ, நோயாளியே போதும் என்றாலோ நிறுத்திவிடுவோம்.

ஒருமுறை ஒரு பெரியவர் கைப்பிடியை இறுகப் பற்றியபடி, வாய் திறக்காமல் நடந்துகொண்டிருந்தார். நெற்றியில் குப்பென்று வியர்த்து, 150-இல் இருந்த அழுத்தம் 120-க்கு இறங்கியதும் நிறுத்தினோம். இரண்டு நிமிடமாகவே வலித்ததாகப் பிறகுதான் சொன்னார். கைப்பிடியில் பாரத்தைப் போட்டு நடந்தால் உண்மையான திறனைவிட அதிகமாகவும் காட்டும். இரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலவற்றை நிறுத்தச் சொல்வதும் தொடரச் சொல்வதும் மருத்துவரின் முடிவு.

கேட்டவர்:
நேற்று மாலையே அழைத்துச் சென்றோம். இ.சி.ஜி.யில் மாற்றம் இருப்பதாகச் சொல்லி உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். டிரெட்மில் பரிசோதனையை ரத்து செய்துவிட்டு, நாளை ஆஞ்சியோகிராம் (இதய இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் படம்) எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய இரவு வந்த வலியைப் பற்றி அப்பா அவராகவே செவிலியரிடம் சொன்னார்.