புதிதாக நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு: எங்கள் அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்

நண்பர்களுக்கு வணக்கம். நாணயச் சேகரிப்பில் புதிதாக இறங்குபவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வாங்குவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள், விலை குறைந்த, ஆனால் சந்தேகமற்ற நாணயங்களைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகுங்கள். இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணமான இரண்டு சந்திப்புகளை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு இளைஞர் ஒருவர் வந்திருந்தார். மஞ்சள் துணியில் முடிந்து, அதை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தி அவர் கொண்டுவந்திருந்தது ஒரே ஒரு செப்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகக் காட்சி. மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818 என்று ஆங்கிலத்தில் எழுத்துகள். அந்தக் காசு அரிசியை இழுக்கும் என்றும், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பல லட்சம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் என்றும், அதற்கு முன் ‘சோதனைக் கட்டணம்’ கட்ட வேண்டும் என்றும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டணத்துக்காக வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் அவர் எங்களிடம் வந்திருந்தார். நல்லவேளையாக, வைப்பதற்கு முன்பே வந்தார்.

அப்போது என் மேசையில் உண்மையான கம்பெனிக் காசு ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில், சோஹோ நாணயச்சாலையில் அச்சடிக்கப்பட்ட 1808-ஆம் ஆண்டின் இருபது காசு நாணயம் அது. ஒரு முகத்தில், இருபுறமும் சிங்கங்கள் தாங்கி நிற்கும் கம்பெனியின் சின்னம். மறுமுகத்தில் பாரசீக எழுத்தும், அதன்கீழ் ரோமன் எண்ணில் மதிப்பும். இரண்டையும் அருகருகே வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இயந்திர அச்சில் அடித்த நாணயத்தில் எழுத்தின் ஓரம் கூர்மையாக எழுந்து நின்றது. சிங்கத்தின் பிடரிகூடத் தனியாகத் தெரிந்தது. அவர் கொண்டுவந்ததில் எழுத்துகள் மழுங்கியிருந்தன. மேற்பரப்பில் ஊசிமுனை அளவில் குழிகள் இருந்தன. விளிம்பைச் சுற்றி, அச்சுவார்ப்பில் இரு பாதிகளும் சேர்ந்த கோடு ஓடியது. நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் லென்ஸை மேசையில் வைத்துவிட்டார்.

ராமர், அனுமன், லட்சுமி, விநாயகர் உருவங்களோடு 1818, 1616 போன்ற ஆண்டுகளைத் தாங்கி வரும் இந்தக் காசுகளில் எதையும் கம்பெனி வெளியிட்டதில்லை. 1616-இல் இத்தகைய அணா நாணயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவை பிற்காலத்தில் வழிபாட்டுக்காகவும் விற்பனைக்காகவும் செய்யப்பட்ட வில்லைகள். பூஜையறையில் வைத்துக்கொள்ள விரும்பினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நாணயம் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. இதே வகையில்தான் வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கும், 786 என்று முடியும் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. பழைய நாணயம், நோட்டு விற்பனைக்கு ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அவ்வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று அறிவிப்பு வெளியிட்டது. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வாங்குபவர் எவரும் உண்மையான வாங்குபவர் அல்லர்.

அந்த 1808-ஆம் ஆண்டுக் காசு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்றாலும், தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தக் கப்பலிலிருந்து ஏராளமான காசுகள் மீட்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. பழமைக்கும் விலைக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதைப் புதியவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன.

இரண்டாவது சந்திப்பு, தில்லை நகரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகளோடு. எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண், தினமும் இரவு கல்லாவை எண்ணும்போது சில்லறையை ஆண்டின்கீழ் உள்ள குறியை வைத்துப் பிரிக்கிறாள். சாய்சதுரம் இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சிறு வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. செலவு செய்தால் அதே மதிப்புக்குப் போகும் நாணயங்கள்தான். ஆகவே அவளுடைய சேகரிப்புக்கு நஷ்டம் என்பதே கிடையாது. நான் போயிருந்தபோது, ஒரே ஆண்டின் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் காட்டி, இரண்டிலும் உள்ள நட்சத்திரத்தின் அளவு வேறுபடுகிறது என்றாள். எடுத்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரியாகவே இருந்தது. இந்தக் கண் வந்துவிட்டால், பிறகு எந்தக் காலத்து நாணயத்தை எடுத்தாலும் அது துணைக்கு வரும். பதினைந்து நாணயங்களை விலைக்கு வாங்கி ஆல்பத்தில் செருகி வைத்த பெரியவர்கள் பலரைவிட அந்தச் சிறுமி முன்னே நிற்கிறாள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நாகப்பட்டினம் உறுப்பினர்

திருச்சி ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். வாங்கிய பின், அல்லது வீட்டிலேயே கிடைத்த பின், நாணயத்துக்கு நாமே செய்யும் கேட்டைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் கடற்கரை ஊரில் இதைத்தான் மிகுதியாகப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் பாட்டியின் பெட்டியிலிருந்த வெள்ளி ரூபாய்களைப் பார்க்க அழைத்தார். விக்டோரியா காலத்திலிருந்து ஆறாம் ஜார்ஜ் காலம் வரையிலான நல்ல வரிசை அது. விருந்தினருக்குக் காட்டப்போகிறோமே என்று முந்தின நாள் மாலை அவற்றையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் துலக்கி, வரிசையாகத் துணியில் பரப்பி வைத்திருந்தார். குத்துவிளக்குக்குச் செய்யும் அதே பக்குவத்தை அவர் அன்போடு செய்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. லென்ஸில் பார்த்தபோது ராணியின் கன்னம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடின. நூறாண்டுகளில் வெள்ளியின்மேல் மெல்லப் படிந்த கருநிறமும் நாணயச்சாலையிலிருந்து வந்தபோது இருந்த இயல்பான ஒளியும் ஒருசேரப் போய்விட்டன. துடைத்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். விலை வெகுவாக இறங்கிவிடும். எலுமிச்சை, பற்பசை, பித்தளை துலக்கும் பொடி என எதுவுமே நாணயத்துக்கு வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செப்புக் காசில் தூளாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு மட்டும் இதற்கு விலக்கு. அது பரவி நாணயத்தையே அரித்துவிடும் என்பதால், அத்தகைய காசை மற்றவற்றிலிருந்து தனியே பிரித்து, அனுபவமுள்ளவரிடம் காட்ட வேண்டும்.

அதே பெட்டியில் சில ரூபாய்களின் மேல்விளிம்பில் பற்றவைப்பின் தழும்பு இருந்தது. ஒரு காலத்தில் வளையம் வைத்துக் கழுத்துச் சரத்தில் கோத்தவை அவை. விற்பவர்கள் அந்தத் தழும்பை அராவி மறைத்துவிடுவதும் உண்டு. ஆகவே வெள்ளி ரூபாய் வாங்கும்போது இரு முகங்களையும் பார்ப்பதோடு விளிம்பையும் முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எடையும் பாருங்கள். கம்பெனி 1835-இல் கொண்டுவந்த ஒரே சீரான ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் எடை மாறாமல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் வெளிவந்த, புலி உருவம் கொண்ட ரூபாயில் வெள்ளியே இல்லை; அது தூய நிக்கல். காந்தம் இழுக்கிறது என்று அதைப் போலி என்று ஒதுக்கிய ஒருவரை நான் அறிவேன்; நிக்கல் காந்தத்துக்கு இழுபடத்தான் செய்யும். காந்தம் ஒட்டினால் போலி என்ற விதி வெள்ளி, செம்பு போன்ற, காந்தம் இழுக்காத உலோகங்களுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு தசமம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, லென்ஸ், ஒரு சிறு காந்தம், இவை மூன்றும் முதல் நாணயத்துக்கு முன்பே உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

1939-ஆம் ஆண்டு ரூபாய் என்று யாராவது நீட்டினால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்த ஆண்டு ரூபாய் உண்மையிலேயே மிக அரிது. அதனாலேயே வேறு ஆண்டு நாணயத்தின் எண்ணைத் திருத்திச் செய்த போலிகளும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் 1911-ஆம் ஆண்டு ரூபாய் அவ்வளவு அரிதன்று, ஆனால் அதன் கதை எனக்குப் பிடிக்கும். அரசரின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றிபோலத் தெரிகிறது என்ற எதிர்ப்பு எழுந்ததால், அடுத்த ஆண்டே அந்த உருவத்தைத் திருத்தி அடித்தார்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெகிழ்வான, வாசனை அடிக்கும் பி.வி.சி. பைகள் கொண்ட மலிவு ஆல்பங்கள் சில ஆண்டுகளில் நாணயத்தின்மேல் பச்சை நிறப் பிசுக்கை விட்டுவிடுகின்றன. எங்கள் ஊர் ஈரக்காற்றில் இன்னும் விரைவாக. நடுவே மைலார் என்ற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய சதுர அட்டைகளைப் பயன்படுத்துங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நாணயத்தை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடியுங்கள்; கீழே மெத்தென்ற துணி விரித்திருங்கள்.

கரூர் உறுப்பினர்

எங்கள் ஊர் அமராவதி ஆற்றுப் படுகையைப் பற்றி நாணயம் சேர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாக்கோதை என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசும் ரோமானியக் காசுகளும் கிடைத்த இடம் இது. அதனால் சங்ககாலக் காசு வேண்டும் என்று நேரே கரூருக்கே வந்துவிடும் புதியவர்களைப் பார்க்கிறேன். அண்மையில் வந்த ஒருவர், சேலத்தில் பொறியாளராகப் பணிபுரிபவர், ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் மீன் சின்னமும் உள்ள பாண்டியர் சதுரக் காசு என்று ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு என்னிடம் காட்ட வந்தார். எல்லாக் காசுகளிலும் யானையின் காதருகே ஒரே இடத்தில் ஒரே வடிவப் பள்ளம் இருந்தது. தனித்தனியே அச்சடித்த காசுகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடிபடுவதற்கு வழியில்லை. ஒரு காசை அச்சாக வைத்து வார்த்தவை அவை.

அவரிடம் நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சங்ககாலக் காசு தொடக்கநிலையினருக்கு உரிய துறை அன்று. பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியக் காசை அடையாளம் கண்டு வெளியிட்ட தினமலர் நாளிதழின் முன்னாள் ஆசிரியர், மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் நெடுங்கால உழைப்பால் வாசித்த எழுத்துகள் அவை. முதலில் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் உண்மையான காசுகளைப் பொறுமையாகப் பாருங்கள். பழந்தமிழ்க் காசில்தான் மனம் செல்கிறது என்றால் முதலாம் இராசராசனின் செப்புக் காசிலிருந்து தொடங்குங்கள். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் ஸ்ரீராஜராஜ என்ற பெயரும் கொண்ட அந்தக் காசு, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளதால் விலை எட்டாத உயரத்தில் இல்லை. ஒப்பிட்டுப் படிக்கவும் நிறைய உண்டு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணுக்கடியில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அது இன்றும் நடைமுறையில் உள்ளது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. நாணயமும் அதில் அடங்கும். ஆகவே உறவினருக்குத்தானே என்று கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். நேற்றுத்தான் ஆற்றில் எடுத்தது என்று சொல்லி விற்பவரிடம் வாங்கவும் வேண்டாம். அவர் சொல்வது பொய்யானால் காசு போலி. மெய்யானால் சட்டச் சிக்கல். அதோடு, எந்த அடுக்கில், எவற்றோடு கிடைத்தது என்ற வரலாறும் அந்தக் காசிலிருந்து அறுந்துபோகிறது.

ரசீது தரும் வணிகரிடமே வாங்குங்கள். ஒவ்வொரு காசின் அட்டையிலும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். என் அட்டைகளில் பென்சிலால் இந்த வரிசையில் எழுதுகிறேன்: வெளியிட்டவர், உலோகம், முன்பக்கம், பின்பக்கம், எடை, விட்டம், வாங்கிய ஊர், தேதி, விலை, ரசீது எண். அட்டையில் இடம் போதாவிட்டால் வரிசை எண்ணை மட்டும் அதில் எழுதி, மற்றவற்றை ஒரு நீள நோட்டில் பதிந்துகொள்ளலாம்.