மேயரை யார் தேர்ந்தெடுப்பது: நாமா, கவுன்சிலர்களா?

நேர்வழி:
2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணியிடம் போயின. ஆனால் மேயருக்கென்று நாம் யாரும் ஓட்டுப் போடவில்லை. நாம் போட்டது கவுன்சிலருக்கு. மேயர் பெயர் கட்சித் தலைமையிடமிருந்து வந்தது. 1996-இல் சென்னைவாசிகள் ஸ்டாலினை நேரடியாகத்தானே மேயராக்கினார்கள்? அந்த முறை திரும்ப வரட்டும்.

மாமன்றத்தான்:
வந்தால் மட்டும்? 2011-இல் நேரடித் தேர்தல்தான். அப்போதிருந்த 10 மாநகராட்சிகளையும் ஆளுங்கட்சியான அதிமுக அள்ளியது. கோட்டையில் யாரோ, அவர்களுக்குத்தான் ஊரும். அப்புறம், மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் எந்தத் தீர்மானம் நிறைவேறும்?

நேர்வழி:
2019-இல் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுக முறைக்கு அவசரச் சட்டம் போட்டபோது சொன்ன அதே காரணம்! 2006-இல் மறைமுகம், 2011-இல் நேரடி, 2016-இல் மறைமுகம், 2018-இல் நேரடி, 2019-இல் மறுபடி மறைமுகம். கடைசி மூன்றும் ஒரே கட்சி ஆட்சியில். இதில் கொள்கை எங்கே இருக்கிறது? வெற்றிக் கணக்குதான்.

மாமன்றத்தான்:
கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் மறைமுகத் தேர்தல் என்றால் தலைமை சொன்னபடியே நடக்கும் என்றும் இல்லை. நெல்லையில் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே மேயரை எதிர்த்து நின்றார்கள். 2024 ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார். அடுத்த மாதத் தேர்தலில் திமுகவின் அதிகாரப்பூர்வ வேட்பாளருக்கு 30 ஓட்டு, எதிர்த்து நின்ற திமுககாரருக்கு 23. கட்சித்தாவல் தடைச் சட்டம் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்குத்தான், கவுன்சிலர்களுக்கு இல்லை. பிடிக்காத மேயருக்காக ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம்.

சும்மா_வந்தவன்:
சண்டிகரை மறந்துவிட்டீர்களா? 2024 ஜனவரியில் மேயர் தேர்தலை நடத்திய அதிகாரியே வாக்குச்சீட்டுகளில் பேனாவால் கோடு போட்டது கேமராவில் பதிவானது. 8 ஓட்டு செல்லாது என்றார், பாஜக ஜெயித்தது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டுகளை எண்ணச் சொல்லி ஆம் ஆத்மிக்காரரை மேயராக்கியது. முப்பத்துச் சொச்சம் பேர் மட்டும் ஓட்டுப் போடுகிற தேர்தலில் எட்டைச் சாய்ப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நேர்வழி:
இதைத்தான் சொல்கிறேன். லட்சக்கணக்கான ஓட்டில் இந்த வேலை நடக்காது.

மாமன்றத்தான்:
சரி, நேரடியாகவே ஜெயிக்கட்டும். ஆணையரை நியமிப்பது மாநில அரசு, நிதியைத் திறப்பதும் அதுதான். 2016 கடைசியிலிருந்து 2022 வரை மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டினார்களே, அப்போது இங்கே எத்தனை பேர் கேள்வி கேட்டீர்கள்?

நேர்வழி:
நான் கேட்டேன். அன்றைக்கு நேரடி மேயர் வேண்டாமென்று வாதாடியதும் நீங்கள்தான்.